பச்சை விளக்கும் பாக்கியம் அக்காவின் மெயின் சுவிட்சும்

போன வாரக் கதையை, பக்கத்து நாலந்தாவில் ஒரு மிளகு வியாபாரியின் வீட்டுச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தினேன். அந்தத் துளை அப்படியே கிடக்கட்டும். இந்த வாரம் மாத்தளையில் மத்தியானமானால் இடி இடிக்கிறது. இடி இடித்தால் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாது, வேறு எதையும் யோசிக்கவும் முடியாது. ஆகவே இதை முதலில் எழுதித் தொலைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மழைக்காலம். மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். என் ரிப்பேர் கடையில் நான் மட்டும்தான். மேசையில் ஒரு டிவி வயிறு பிளந்து கிடந்தது. உருகிய ஈயத்தின் வாசனையும், பக்கத்து அரவை மில்லின் மிளகாய் நெடியும் சேர்ந்து மூக்கை அரித்தன. இரத்தோட்டைப் பக்கம் மலைக்கு மேல் வானம் கறுத்து முதல் இடி உருண்டது.

எழுந்து போய் மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தேன். எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இடிச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு வீடு கை மெயினுக்குப் போகும், பிளக்குகள் கழன்று தொங்கும், சிலர் போனைக்கூட அணைத்து அரிசி டின்னுக்குள் வைப்பார்கள்.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. என் கை இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது. அப்போதுதான் உறைத்தது.

"ஐயையோ, பாக்கியம் அக்காவும் இழுத்திருப்பாங்களே!"

ஆளில்லாத கடையில் நான் வாய்விட்டுக் கத்தியது அன்றைக்குத்தான்.

வசந்தாவின் வழி

பாக்கியம் அக்கா மெயினை இழுத்தால் நான் ஏன் கத்த வேண்டும்? அதற்கு முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வசந்தா டீச்சர். இரத்தோட்டையைத் தாண்டி ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பாடசாலை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பிள்ளைகளும் அந்தப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள்தான், ஆற்றைக் கடக்க வேண்டியது டீச்சர்மார் மட்டும். குறுக்கே இருப்பது சப்பாத்துப் பாலம். கைப்பிடி கிடையாது, உயரம் கிடையாது, தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் ஒரு கொங்கிரீட் பாதை. சாதாரண நாளில் அதன் கீழே குழாய்களுக்குள் ஆறு ஓடும். மேலே மலையில் மழை பெய்தால் ஆறு பாலத்துக்கு மேலே ஓடும்.

கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கொட்டிவிடும், அதுதான் வில்லங்கம். பாலத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கால் மணி நேரத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து நிற்கும்.

அவளைத் தினமும் கொண்டுபோய்க் கூட்டிவருவது நவ்ஷாத்தின் த்ரீவீல். மாத்தளைக்காரர், வசந்தா அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பாள். ஒரு நாள் பாலத்தின் நடுவில் போகும்போது சக்கரம் பாதி நனையும் அளவுக்குத் தண்ணீர் வந்து, வண்டி ஒரு முழம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. அவள் வீட்டுக்கு வந்து சேலையைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டே, ஏதோ பஸ் பிந்திய கதை மாதிரி அதைச் சொன்னாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இடமாற்றம் கேள் என்றேன். "அந்தப் பிள்ளைங்களுக்கு நான்தான் கணக்கு டீச்சர், போங்க அங்கிட்டு" என்றாள். சரி, அவள் நகரமாட்டாள். ஆறும் நகராது. அப்புறம் நான்தானே ஏதாவது செய்ய வேண்டும்?

கம்பி பாதி, காற்று பாதி

தோட்டத்து மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், ஆறு ஒரு பள்ளத்துக்குள் இறங்கும் இடத்தில் பழைய பம்ப் வீடு ஒன்று உண்டு. தண்ணீர் ஏறினால் மிதந்து எழும்பும் ஒரு மிதவையை அங்கே வைத்தேன். மிதவை எழும்பினால் கீழே பாலத்தில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், சைரன் ஊத வேண்டும். நினைப்பு இவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பள்ளத்திலிருந்து வயர்லெஸ் வெளியே வராது. மூன்று பக்கமும் பாறை. ஏரியலை மூங்கிலில் கட்டித் தூக்கிப் பார்த்தேன், மரத்தில் ஏறிப் பார்த்தேன், அட்டை கடித்ததுதான் மிச்சம்.

பம்ப் வீட்டுக்குக் கரண்ட் கம்பி போகிறதே என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. மேட்டில் இருக்கும் பழைய ஏலக்காய் ஸ்டோரிலிருந்து வரும் தோட்டத்தின் சொந்தக் கம்பி. கரண்ட் ஓடும் கம்பியிலேயே செய்தியையும் ஏற்றி அனுப்பலாம்.

இதை நான் முதலில் கண்டதும் அந்த நாலந்தா வியாபாரி வீட்டில்தான். வீட்டுக்கும் மிளகு காயும் முற்றத்துக்கும் இடையில் பேச, சுவர் பிளக்கில் சொருகினால் போதும் என்று ஒரு பேச்சுக் கருவி வைத்திருந்தார். தனி வயரே கிடையாது. மனுஷர் முற்றத்திலிருந்து "தேத்தண்ணி அனுப்பு" என்பார், குசினியில் கேட்கும். மனைவி தேங்காய்ப்பாலுக்கு பிளெண்டரைப் போட்டால் மட்டும் கர்ர் என்று ஒரே இரைச்சல், தேத்தண்ணி வராது. மனுஷர் கருவியைத் திட்டுவாரா மனைவியைத் திட்டுவாரா என்று தெரியாமல் தவித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்லவேளை, பம்ப் வீட்டுக் கம்பியில் பிளெண்டர் போட ஆள் இல்லை.

ஆகவே பம்ப் வீட்டிலிருந்து ஸ்டோர் வரை செய்தி கம்பியில் வரும். ஸ்டோரில் ஒரு பெட்டி அதை வாங்கி, அங்கிருந்து பாலத்துக்கு வயர்லெஸ்ஸில் அனுப்பும். மேட்டிலிருந்து பாலம் கண்ணுக்கு நேரே தெரியும், அங்கே காற்றுக்குத் தடையில்லை. கம்பி பாதி, காற்று பாதி, நடுவில் கைமாற்றும் பெட்டி. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் தலையாட்டினார்.

கரண்ட் போனால் என்று கேட்டார். இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! எல்லாப் பெட்டியிலும் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் கம்பி அங்கேதானே இருக்கும், செய்தி போகும் என்றேன். தோட்டத்து லைனை நிறுத்தியும் காட்டினேன். பாலத்தில் விளக்கு சொன்னபடி எரிந்தது. துரை கையைக் குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாத்தையும் யோசிச்சிட்டீங்களா?" என்று வசந்தா கேட்டாள்.

"எல்லாத்தையும்."

"எதையாவது விட்டிருப்பீங்களோ என்னமோ. தெரியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்திடுமா?"

அவள் எப்போதும் சொல்லும் குத்தல் இது. கடைக்கு எந்த உடைந்த சாமான் வந்தாலும் நான் "சரியாகிடும்" என்றுதான் சொல்வேன். பத்து முறை திறந்து மூடி, ஆகவில்லை என்றாலும் "நாளைக்குச் சரியாகிடும்" என்பேன்.

நானே சொல்லிக்கொடுத்த பாடம்

இனி பாக்கியம் அக்கா. தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். ஸ்டோரோடு ஒட்டிய காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருக்கிறார், ஸ்டோர்ச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். என் பெட்டியை அவருடைய காம்பராவில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்டினேன். தினமும் தூசி தட்டி, வெள்ளிக்கிழமையானால் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவார்.

பெட்டி வருவதற்கு வெகு காலம் முன்பே அவரை எனக்குத் தெரியும். ஒரு முறை இடி விழுந்து அவருடைய டிவி கருகிப் போயிற்று. அதை ஒரு சாக்கில் சுற்றித் தலையில் சுமந்து, பஸ் ஏறி என் கடைக்குக் கொண்டுவந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பாவப்பட்ட மனுஷியை உட்காரவைத்துத் திட்டினேன்.

"இடிச் சத்தம் கேட்டா கைவேலைய அப்பிடியே போட்டுட்டு மெயின இழுக்கணும், விளங்குதா? பிளக்கெல்லாம் கழட்டணும். போனையும் நிப்பாட்டணும். யார் என்ன சொன்னாலும் இடி ஓயிற வரைக்கும் திரும்பப் போடக்கூடாது."

"சரிங்க தம்பி" என்றார். சொன்னால் சொன்னதுதான், அன்றிலிருந்து ஒரு இடிக்கும் அவர் தவறவில்லை.

இதைச் சொன்ன அதே வாயோடு, அவர் காம்பராச் சுவரிலேயே பெட்டியை மாட்டிவிட்டு வந்தவன் நான். பம்ப் வீட்டுக்குப் போகும் கிளைக் கம்பி மெயின் சுவிட்சுக்கு வெளிப்பக்கம். என் பெட்டி உள்பக்கம். கரண்ட் போனால் கம்பி இருக்கும் என்பது சரி. மெயினை இழுத்தால் கம்பியே துண்டாகிவிடுமே! எந்த இடி வெள்ளத்தைக் கொண்டுவருமோ அதே இடிக்கு என் பெட்டியின் காதும் அடைத்துப் போகும்.

அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்று இருந்தது. கெட்ட செய்தி வந்தால் சிவப்பு, வராவிட்டால் பச்சை என்று அமைத்திருந்தேன். செய்தி வரும் வழியே அறுந்துபோனாலும் பாலத்தில் பச்சைதான் எரியும்.

எதிர்க்கரை

கடையில் மெயினை இழுத்த அந்த மத்தியானத்துக்குத் திரும்புகிறேன். அக்காவுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். வசந்தாவுக்குப் போட்டேன், வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதுவே. இந்த நேரத்தில் யாரோடு அப்படி என்ன பேச்சு என்று பல்லைக் கடித்தேன். நவ்ஷாத்துக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். அவளைக் கூட்டிவரப் போய்க்கொண்டிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

கடையைப் பூட்டினேனா என்று இன்றுவரை நினைவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறினேன். இரத்தோட்டை ரோட்டில் மழை முகத்தில் கல்லாக அடித்தது. வழியில் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை, வேண்டாத வேண்டுதல் இல்லை. நடுநடுவே என்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேன்.

பாலத்துக்குப் போனபோது பாலம் இல்லை. கரை முட்டச் செம்மண் தண்ணீர், அதில் சுழன்று போகும் கிளைகள், தரையே அதிரும் இரைச்சல். இந்தக் கரையில் கம்பத்தின் உச்சியில் என் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

த்ரீவீலைக் காணவில்லை. இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை.

அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன். "வசந்தா" என்று கூப்பிட்டேன், எனக்கே கேட்கவில்லை.

எதிர்க்கரையில் மழைக்குள் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூட்டமாக நின்றார்கள். கூட்டம் கொஞ்சம் விலகியது. ஒரு கல்லில் நவ்ஷாத், யாரோ ஒருத்தி இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். பக்கத்தில் கிழிந்த குடையோடு வசந்தா. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து போனை எடுத்தாள். என் சட்டைப்பையில் மணி அடித்தது.

"உசிரோட இருக்கோம்" என்றாள். "இவ்வளவு நேரம் யாரோட பேசிட்டு இருந்தீங்க? எத்தன தரம் அடிச்சேன், பிஸி, பிஸின்னே வருது."

"நானும் உனக்குத்தான் அடிச்சேன்."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் அழைத்து, ஒருவருக்கொருவர் வழியை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். இடிச் சத்தம் கேட்டதுமே, அக்கா மெயினை இழுத்திருப்பார், இனி விளக்கை நம்ப முடியாது என்று அவளுக்கு உறைத்திருக்கிறது. எனக்கு வயர் தெரியும், அவளுக்கு ஆள் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடியிருக்கிறாள். அந்த நேரம் நவ்ஷாத் இந்தப் பக்கமிருந்து பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். வராதீங்க, வராதீங்க என்று அவள் குடையை ஆட்டியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே விளக்கைக் கைகாட்டியிருக்கிறார். முக்கால் தூரம் வந்தபோது தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் கையோடு கை கோத்து இறங்கித்தான் அவரை இழுத்தெடுத்திருக்கிறார்கள். வண்டி போய்விட்டது.

போனை நவ்ஷாத் வாங்கினார்.

"பாஸ், டீச்சரும் இந்தப் பொம்பளைகளும் இல்லாட்டி நான் மௌத்து. அல்லாஹ்தான் காப்பாத்தினான். முந்தியெல்லாம் நான் எறங்கிப் பாத்துட்டுத்தான் வண்டிய விடுவேன். நீங்க லைட்டுப் போட்ட பொறகு பாக்கிறத விட்டுட்டேன். பச்சைதானேன்னு வந்துட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வசந்தா மறுபடி போனை வாங்கினாள். "உங்க லைட்டு இன்னும் பச்சையாத்தான் எரியுது. மொதல்ல அத நிப்பாட்டுங்க. இன்னும் யாராவது வரப்போறாங்க."

கம்பத்தில் ஏறி வயரைப் பிடித்துப் பிய்த்தேன். பிறகு ரோட்டின் குறுக்கே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தண்ணீர் வடியும் வரை அந்த மழையில் நானே நின்று ஒவ்வொரு வண்டியாக மறித்தேன்.

இரண்டு வாய்

அடுத்த நாள் மேட்டுக்கு ஏறினேன். பாக்கியம் அக்கா வாசலிலேயே பெருமையாக நின்றார்.

"நேத்து மொத இடிக்கே இழுத்துட்டேன் தம்பி. நீங்க சொன்ன மாதிரியே. உங்க பெட்டிக்கு ஒன்னும் ஆகல, பாருங்க, பேட்டரியிலயே எரிஞ்சிட்டு இருந்திச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவர் இடுப்புச் சாவியைப் பிடித்தபடி சுவரோடு சாய்ந்துவிட்டார். உங்கள் மேல் பிழை இல்லை அக்கா, என் மேல்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"அப்ப இனிமே இடி இடிச்சா நான் இழுக்கவா, வேணாமா?"

இழுக்காதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தனியாக இருக்கும் மனுஷி, மேட்டில் இருக்கும் வீடு, இடி அங்கேதான் முதலில் இறங்கும். இழுங்கள் என்றால் பாலம் கெட்டது.

"தெரியலக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன். கம்பியை நம்பினால் மெயின் சுவிட்ச். காற்றை நம்பினால் பாறை. கடைசியில், பள்ளத்தின் விளிம்பில் முனியாண்டிச் சாமியின் சூலம் நட்ட ஒரு பாறை இருப்பது ஞாபகம் வந்தது. சூலத்துக்குப் பின்னால் பம்ப் வீட்டின் கூரை ஒரு சாண் தெரியும், முன்னால் பாலம் தெரியும். பூசாரியிடம் கேட்டு, சூலத்தைத் தொடாமல் தள்ளி, சோலார் தகட்டோடு இன்னொரு கைமாற்றும் பெட்டியை வைத்தேன். இப்போது ஒரே செய்தி இரண்டு வழியாகக் கீழே வருகிறது. பம்ப் வீட்டிலிருந்து ஒன்று கம்பியில் ஏறி அக்கா வீட்டுக்குப் போய், பிறகு காற்றில் இறங்கும். மற்றது முழுக்கக் காற்றில், முனியாண்டி வழியாக வரும்.

சட்டத்தையும் மாற்றினேன். சும்மா இருப்பது நல்ல செய்தி இல்லை. இரண்டு வழியும் நிமிடத்துக்கு ஒரு முறை 'தண்ணீர் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்புக்கு ஒரு வாய் சொன்னால் போதும். பச்சைக்கு இரண்டு வாயும் சொல்ல வேண்டும். ஒன்று பேசாமல் போனாலும் பச்சை அணைந்து மஞ்சள் எரியும்.

அக்காவிடம் போய், தாராளமாக இழுங்கள் என்றேன். நீங்கள் இழுத்த நிமிடமே கீழே மஞ்சள் எரியும், மலையில் முதலில் இடி கேட்பது உங்களுக்குத்தானே என்றேன். அவர் அதற்குச் சிரிக்கவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "அப்ப இன்னும் சீக்கிரமா இழுக்கணும்" என்றார்.

முதல் நாள் மஞ்சள் விளக்கைப் பார்க்க வசந்தாவையும் நவ்ஷாத்தையும் கூட்டிப் போனேன். நவ்ஷாத்திடம் இப்போது வேறு வண்டி.

"செவப்பு வெளங்குது, பச்ச வெளங்குது" என்றாள் வசந்தா. "மஞ்சளுக்கு என்ன அர்த்தம்?"

"மேல என்ன நடக்குதுன்னு லைட்டுக்குத் தெரியாதுன்னு அர்த்தம்."

அவள் என்னையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்யாணம் முடிச்சு இத்தன வருசத்துல உங்க வாயில வராத வார்த்தைய லைட்டுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்களே!"

நவ்ஷாத் சிரித்த சிரிப்பில் த்ரீவீல் ஆடியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இடி இடித்துவிட்டது. பாலத்து விளக்கின் நிறம் இப்போது என் போனுக்கும் வரும்; மஞ்சள் வந்திருக்கிறது, அக்கா இழுத்துவிட்டார். மணி இரண்டாகப் போகிறது. இந்த நேரத்துக்கென்று எங்களுக்குள் இப்போது ஒரு ஒழுங்கு உண்டு. நான் அழைக்கமாட்டேன், அவள்தான் அழைப்பாள்.

அழைத்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்றாள்.

"தண்ணி வருமாங்க?"

"தெரியாது" என்றேன். "எறங்கிப் பாரு."

"சரி" என்றாள். வண்டியின் எஞ்சினை நவ்ஷாத் நிறுத்துவது கேட்டது. பிறகு மழைச் சத்தம், ஈரச் சரளையில் இரண்டு பேர் நடந்து போகும் சத்தம். போனைக் காதில் வைத்தபடி கடை வாசலில் நிற்கிறேன்.